மிதக்கும் பறி

ஐந்தாம் வகுப்பு படிக்கும்போதே நான் ஓர் இன்ஜினியர். இந்த விஷயம் எனக்கும் என் தம்பிக்கும் மட்டும்தான் தெரியும். ஊருக்கு நான் குப்பை பொறுக்குகிற பெண். மீன் ஏலம் போடுகிற கொட்டகைக்குப் பின்னால் உடைந்து கிடக்கும் தெர்மாகோல் பெட்டி, அறுந்த நைலான் கயிறு, துருப்பிடித்த கம்பி, ஒற்றைச் செருப்பு என்று எதையாவது பாவாடையில் அள்ளிக்கொண்டு வருவேன். பக்கத்து வீட்டில் அத்தை இருந்தாள், நைனாவின் அக்கா. அவள் கண்ணில் படாமல் எதையும் வீட்டுக்குள் கொண்டுபோக முடியாது. "இன்னாடி, இன்னிக்கு எந்தக் கப்பல இறக்கப் போற?" என்று தெருவுக்கே கேட்கும்படி விசாரிப்பாள்.

கப்பல் இறக்கியதும் உண்டு. செருப்பைப் படகு மாதிரி வெட்டி, ரப்பர் பேண்டை முறுக்கிவிட்டு, தானாகத் தண்ணீரைத் துழாவிக்கொண்டு போகிற மாதிரி ஒன்று செய்தேன். கெட்டுப்போன டேப் ரெக்கார்டரின் மோட்டாரைக் கழற்றி ஒரு மின்விசிறி செய்தேன். அதன் காற்று கொசுவுக்குத்தான் சுகமாக இருந்தது. நானே யோசித்து ஓர் எலிப்பொறி செய்தேன். எலிகளை விட்டுவிட்டு அது நைனாவின் கால் கட்டைவிரலைப் பிடித்தது. நைனா கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு கம்பெனியில் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அன்றைக்கு நொண்டிக்கொண்டே போய், பெருச்சாளி கடித்துவிட்டதாகச் சொல்லிச் சமாளித்தாராம். என்னைத் திட்டவில்லை. பொறியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஸ்பிரிங்கு நல்லாத்தான் வேல செய்யுது" என்றார்.

எதைச் செய்தாலும் முதலில் சோதித்துப் பார்ப்பவன் தம்பிதான். அவன் ஒரு வயது சின்னவன், ஆனால் என்னைவிடக் கறாரானவன். "இது ஆடுது, இங்க ஒரு ஆணி அடி" என்பான். அடித்ததும் தலையை ஆட்டுவான். மனதில் மட்டும் இருந்த ஒன்று கைக்கு வந்து, நாம் நினைத்தபடியே நகர்கிற நேரம் இருக்கிறதே, அதற்கு ஈடாக நான் எதையும் சொல்ல மாட்டேன். பசி எடுக்காது. கூப்பிட்டால் காதில் விழாது. உலகத்தில் கோணலாக இருந்த ஒன்றை நாமே நேராக்கிவிட்ட மாதிரி ஒரு திமிர் வரும். அந்தத் திமிர் இல்லாமல் என்னால் அப்போதும் இருக்க முடியவில்லை, இப்போதும் முடிவதில்லை.

அந்த வருஷம் மழைக்காலத்தில் தம்பி இறந்துபோனான்.

காய்ச்சல்தான். மழைக்காலத்தில் எங்கள் ஊரில் எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வராமல் இருக்கும்? மாத்திரை கொடுத்து, கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு, அம்மா வழக்கம்போல ஏரிக்குப் போனாள். மழைத்தண்ணீர் வந்து சேர்கிற அந்த நாட்களில்தான் இறால் நிறையக் கிடைக்கும். வீட்டில் உட்கார்ந்தால் அந்த வாரத்துச் சாப்பாடு உட்கார்ந்துவிடும். பிறகு காய்ச்சல் ஏறியது. பொன்னேரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கிருந்து சென்னைக்கு அனுப்பினார்கள். சென்னையிலிருந்து ஒரு வெள்ளை வண்டியில் திரும்பி வந்தான்.

சாவு வீட்டில் அம்மா அழவில்லை. ஊர்ப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அவளைக் கட்டிக்கொண்டு, "அழுதுடும்மா, அழுதுடு" என்று உலுக்கினார்கள். அம்மா அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள், அவ்வளவுதான். காரியம் முடிந்த மறுநாள் காலையில் பறியை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போய்விட்டாள். கல் நெஞ்சுக்காரி என்று சிலர் சொன்னது என் காதிலேயே விழுந்தது.

பறி என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். பழவேற்காடு ஏரியின் மேற்குக் கரையில், ஆரம்பாக்கத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். படகும் வலையும் உள்ளவர்கள் வேறு. எங்கள் தெருப் பெண்களுக்கு இரண்டு கைகள்தான் வலை. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, கழுத்துக்கு மேல் மட்டும் வெளியே தெரியும்படி முட்டி போட்டு உட்கார்ந்துகொள்வார்கள். கைகளால் அடிச்சேற்றைத் தடவிக்கொண்டே வரிசையாக நகர்வார்கள். இறால் விரலில் படும். அது துள்ளுவதற்குள் பிடித்துவிட வேண்டும். கை இரண்டும் சேற்றில் இருப்பதால், பிடித்ததைப் போடுகிற கூடையைப் பிடித்துக்கொள்ள வாய்தான் மிச்சம். பனையோலையில் முடைந்த, வாய் சிறுத்த அந்தக் கூடைதான் பறி. அதன் விளிம்பில் உள்ள பிடியை, அதாவது காதை, பல்லால் கடித்துக்கொள்வார்கள். இறால் சேரச் சேரப் பறி கனக்கும், கழுத்து இழுக்கும்.

அதனால் தண்ணீருக்குள் போய்விட்டால் எங்கள் பெண்கள் பேசுவதில்லை. பறியைக் கடித்துக்கொண்டே அடுத்தவளை அதட்டத் தெரிந்த ஒரே ஆள் அத்தைதான். நடுநடுவே எல்லாரும் எழுந்து நின்று, பறியைக் கையில் எடுத்துக்கொண்டு முதுகை நிமிர்த்துவார்கள். ஊர்க் கதை, வீட்டுக் கதை எல்லாம் அந்த இடைவெளியில் நடக்கும்.

தம்பி இருந்தவரைக்கும் அம்மா வாய் ஓயாதவள். அடுப்போடு பேசுவாள், கோழியோடு பேசுவாள், கரண்ட் போனால் கரண்டைத் திட்டுவாள். தூக்கத்தில்கூட யாரிடமோ விலை பேசிக்கொண்டிருப்பாள் என்று நைனா கிண்டல் செய்வார். தம்பி போனபிறகு அந்தச் சத்தம் நின்றுவிட்டது. சோறு போட்டாள், தலை பின்னிவிட்டாள், பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள், எல்லாம் செய்தாள். பேசவில்லை. நான் ஏதாவது கேட்டால், தாடையைக் கையால் தாங்கிக்கொண்டு, "வாய் நோவுதுடி, அப்புறம்" என்பாள். அந்த அப்புறம் வரவே இல்லை.

நைனாவிடமும் அதே பதில்தான். அவர் சாயங்காலம் வந்து, வாசலில் கால் கழுவிவிட்டு, உள்ளே எட்டிப் பார்த்து, "சாப்ட்டியா?" என்று கேட்பார். அம்மா தலையை ஆட்டுவாள். நைனாவும் பேச வேறொன்றும் இல்லாதவர் மாதிரி போய்ப் படுத்துக்கொள்வார். எங்கள் வீட்டில் ரேடியோ இல்லை, டிவி இல்லை. அதுவரைக்கும் தேவைப்படவும் இல்லை. தம்பி செத்துப்போனதைவிட அந்த அமைதிதான் எனக்குப் பயமாக இருந்தது. அப்படிச் சொல்வது தப்போ என்னவோ. செத்துப்போவது என்றால் என்னவென்று எனக்கு முழுசாகத் தெரியவில்லை. அம்மா பேசாமல் இருப்பது என்னவென்று தெரிந்தது.

எனக்கு அம்மாவைப் பேச வைக்க வேண்டும். அதற்கு என்ன தடை? வாய் நோவு. வாய் ஏன் நோகிறது? இப்படி யோசித்துக்கொண்டு போனபோது, சுவரில் மாட்டியிருந்த பறி கண்ணில் பட்டது.

அதை எடுத்துப் பார்த்தேன். கடிக்கிற காதில் ஓலை நைந்து, பல்லின் தடம் வரிசையாகப் பதிந்திருந்தது. அதில் கூழாங்கல் போட்டு, காதைக் கடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்து பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் தாடை இறுகிவிட்டது, எச்சில் ஒழுகியது, காதுக்குள் குத்தியது. அம்மாவோ காலையில் போனால் வெயில் உச்சிக்கு வரும்வரை இதைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். பாவம், எப்படிப் பேசுவாள்? கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஏறியது. தம்பி போனபிறகு எதையும் செய்யாமல் சும்மா கிடந்த என் கைகள் அன்றைக்குத்தான் மறுபடி அரிக்கத் தொடங்கின.

பறி வாயில் இருக்கக் கூடாது என்றால் தண்ணீரில் இருக்க வேண்டும். தண்ணீரில் இருக்க வேண்டுமென்றால் மிதக்க வேண்டும். அம்மா போகிற இடத்துக்கெல்லாம் அது தானாகப் பின்னால் வர வேண்டும். இவ்வளவுதான் வேலை. பழைய காலண்டர் தாளின் முதுகில் படம் போட்டேன்.

முதலில் தெர்மாகோலில் செய்தேன். உடைந்த பெட்டியை வட்டமாக அறுத்து, நடுவில் ஒரு பிளாஸ்டிக் கூடையைச் சொருகினேன். கரையோரத் தண்ணீரில் விட்டதும் ஜோராக மிதந்தது. வாடைக்காற்று வந்தது, அதுவும் ஜோராகக் கிளம்பி நடு ஏரிக்குப் போனது. கழுத்தளவு இறங்கிப் பிடித்துக்கொண்டு வந்தேன். இரண்டாவது நாளே தெர்மாகோல் பொரிப்பொரியாக உதிர்ந்தது. தம்பி இருந்திருந்தால் பார்த்ததுமே சொல்லியிருப்பான், "இது ஆவாது" என்று. அவன் குரலில் அதை நானே சொல்லிப் பார்த்துக்கொண்டேன். பிறகு ரொம்ப நேரம் வேலை ஓடவில்லை.

அடுத்தது டியூப். ஆரம்பாக்கம் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருந்தவரிடம் போய், தூக்கிப்போடுகிற ஸ்கூட்டர் டியூப் ஒன்று கேட்டேன். ஒட்டுமேல் ஒட்டுப் போட்டு, இனி ஒட்ட இடமே இல்லாத ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதிலும் ஓர் ஓட்டை பாக்கி இருந்தது. தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிற இடத்தைக் கண்டுபிடித்து, அவர் கொடுத்த சொலூஷனைத் தடவி, நானே ஒட்டினேன். காற்று அடித்துக் கொடுத்தபோது, "இன்னாத்துக்கும்மா இது? நீச்சலா?" என்று கேட்டார். "எங்கம்மா வாய்க்கு" என்றேன். அவர் வால்வை இறுக்கி என் கையில் கொடுத்தார்.

டியூபின் நடுவில் கூடைக்குப் பதிலாக வலைத்துண்டைப் பை மாதிரி தைத்துத் தொங்கவிட்டேன். அது தண்ணீருக்குள் இருக்கும், அதனால் இறால் சாகாது. உயிரோடு கரைக்கு வருகிற இறாலை வியாபாரி தள்ளிவைக்க முடியாது. இது நான் யோசிக்காமலே வந்து சேர்ந்த லாபம். ஆனால் முதலிலேயே யோசித்ததாகத்தான் பிறகு எல்லாரிடமும் சொன்னேன். காற்று இழுத்துக்கொண்டு போகாமல் இருக்க, பையின் அடியில் ஒரு கல்லை வைத்துத் தைத்தேன். கயிறு நீளமாக இருந்தால் காலில் சுற்றியது, குட்டையாக இருந்தால் டியூப் முதுகில் முட்டியது. என் இடுப்பில் கட்டிக்கொண்டு, கரையோரச் சேற்றில் தவழ்ந்து தவழ்ந்து அளவு பார்த்தேன். ஏதாவது ஆபத்து என்றால் ஒரே இழுப்பில் அவிழ்ந்துவிடுகிற மாதிரி முடிச்சுப் போட்டேன். வலையைத் தைத்துத் தைத்து விரல் நுனியெல்லாம் நூல் அறுத்திருந்தது. பள்ளிக்கூடத்தில் பேனா பிடிக்க முடியவில்லை. அதைக்கூட ஒரு பெருமையாகத்தான் சுமந்துகொண்டு திரிந்தேன்.

கடைசியாக விட்டுப் பார்த்த சாயங்காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் இடது பக்கம் தவழ்ந்தால் அது இடது பக்கம் வந்தது. நின்றால் நின்றது. கையை நீட்டினால் எட்டுகிற தூரத்தில், சாயாமல், கவிழாமல், சொன்ன பேச்சு கேட்கிற ஆட்டுக்குட்டி மாதிரி கூடவே வந்தது. தண்ணீரிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். சந்தோஷத்தில்தான். இல்லை, சந்தோஷத்தில் மட்டும் இல்லை. "தலையாட்டுடா" என்று சொல்ல ஆள் இல்லை.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்பு அதை அம்மாவின் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். எப்படி வேலை செய்யும் என்று மூச்சு விடாமல் விளக்கினேன். அம்மா அதைக் கையில் எடுத்தாள். தையலை விரலால் தடவிக்கொண்டே வந்தாள், ஓர் இடம் விடவில்லை.

"யாரு தெச்சது?"

"நான்தாம்மா."

என் கையைப் பிடித்து, விரல் நுனிகளைத் திருப்பிப் பார்த்தாள். அவளுடைய விரல்களும் அப்படித்தான் இருக்கும், இறாலின் முள் கிழித்துக் கிழித்து. என் தலைமேல் கொஞ்ச நேரம் கையை வைத்திருந்தாள். நைனா டியூபை அமுக்கிப் பார்த்து, "காத்து நிக்குது" என்றார். எனக்கு அதுவே பட்டம் வாங்கின மாதிரி இருந்தது.

மறுநாள் அம்மா பறியைச் சுவரிலேயே விட்டுவிட்டு, என் மிதவையோடு ஏரிக்குப் போனாள். மிதவை நன்றாக வேலை செய்தது. சாயங்காலம் நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அத்தை வாசலிலேயே பிடித்துக்கொண்டு, "இனிமே எல்லாம் உங்கம்மாவ மாதிரி மகாராணியாட்டம் வாயத் திறந்துக்கினு போவலாம்போல. எனக்கும் ஒண்ணு செஞ்சு குடுடி" என்றாள். மற்றப் பெண்களும் கேட்டார்கள் என்றாள்.

வீட்டுக்குள் ஓடினேன். சொல்ல வேண்டியதெல்லாம் எத்தனையோ நாளாகச் சேர்த்து வைத்திருந்தேன். அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டு, "வாய் நோவுதாம்மா?" என்று கேட்டேன்.

அம்மா பொய் சொல்லத் தெரியாதவள். யோசித்துப் பார்த்துவிட்டு, "இல்ல" என்றாள்.

நான் காத்திருந்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். அவள் உதடு எதற்கோ தயாராகிற மாதிரி ஒருமுறை அசைந்தது. பிறகு எழுந்து போய், கழுவி வைத்திருந்த பாத்திரங்களை எடுத்து மறுபடியும் கழுவத் தொடங்கினாள். பல நாள் நோவு, ஒரே நாளில் போய்விடுமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்தடுத்த நாட்களிலும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. நான் செய்தது வேலை செய்வதை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அம்மாவோடு கரைவரைக்கும் போனேன். அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. பெண்கள் வரிசையாக இறங்கினார்கள். தூரம் போகப் போகத் தலைகள் மட்டும் தெரிந்தன. ஒவ்வொரு தலைக்கும் முன்னால் ஒரு பறி. ஒரே ஒரு தலைக்குப் பின்னால் மட்டும் கறுப்பு வட்டம். எனக்கு வேறு யாரும் கண்ணுக்குத் தெரியவில்லை. அது மெதுவாகச் சுற்றி, அம்மாவின் தோளுக்குப் பக்கத்தில் போய் நின்றதும், யாராவது பார்க்கிறார்களா என்று கரையில் திரும்பிப் பார்த்தேன். ஒரு நாய்தான் நின்றிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துப் பெண்கள் முதுகு நிமிர்த்த எழுந்து நின்றார்கள். பறிகள் வாயிலிருந்து கைக்கு வந்தன. பேச்சுச் சத்தம் தண்ணீர்மேல் மெல்ல வந்தது. வார்த்தை புரியவில்லை. யாரோ ஒருத்தி அம்மாவின் பக்கம் திரும்பி என்னவோ கேட்டாள். அம்மா ஏதோ பதில் சொன்னாள். வேறு ஒருத்தியும் கேட்டாள். பிறகு அம்மாவின் குரல் பெரிதாகக் கேட்டது.

எத்தனை நாள் கழித்து! அம்மாவின் குரல்தான், எனக்குத் தெரியாதா? ஏரி முழுக்கக் கேட்கிறது. நான் கரையில் குதித்தேன். கை தட்டினேன். வேலை செய்கிறது, நான் செய்தது வேலை செய்கிறது என்று அந்த நாயிடம் சொன்னேன். அம்மா பேசுகிறாள், நிறுத்தாமல் பேசுகிறாள், இத்தனை நாள் சேர்ந்ததையெல்லாம் சேர்த்துப் பேசுகிறாள் என்று நினைத்தேன்.

அது பேச்சு இல்லை என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அத்தை பறியை விட்டுவிட்டுத் தண்ணீரை வாரிக்கொண்டு அம்மாவிடம் ஓடியதைப் பார்த்தேன். மற்றவர்களும் போய்ச் சூழ்ந்துகொண்டார்கள். அம்மா தண்ணீரை இரண்டு கையாலும் அறைந்தாள். அத்தை அவளைக் கட்டிப்பிடித்து இழுத்துக்கொண்டு கரைக்கு வருகிறவரைக்கும் அந்தச் சத்தம் நிற்கவில்லை. என்னைத் தாண்டிப் போனபோது அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. இடுப்பில் கட்டிய மிதவை மணலில் இழுபட்டுக்கொண்டே அவள் பின்னால் வந்தது. அந்த முடிச்சை அவிழ்க்க யாருக்கும் தோன்றவில்லை. நான் ஓடிப்போய் இழுத்தேன். ஒரே இழுப்பில் அவிழ்ந்தது.

என்ன கேட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. அத்தை சாயங்காலம் நைனாவிடம் வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டவள் நல்ல எண்ணத்தில்தான் கேட்டாளாம். பையனுக்குக் காய்ச்சல் வந்த அன்றைக்கு நீயும் எங்களோடு ஏரியில்தானே இருந்தாய், அவன் போகாதே என்று கூப்பிட்டானா என்று கேட்டாளாம். நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன். அவன் கூப்பிட்டது எனக்கும் தெரியும். "தோ வந்துட்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் அம்மா போனாள்.

"அழுவட்டும் வுடு, அழுதா நல்லதுதான்" என்றார் நைனா. அவர் குரலும் சரியாக இல்லை.

"உனுக்கு இன்னாடா தெரியும்?" என்றாள் அத்தை. "இத்தினி நாளும் நாங்க எழுந்து நின்னாக்கூட அவ பறிய வாயிலேர்ந்து எடுக்க மாட்டா. வாயில பறி கீதுன்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. நாலு பேரு நடுவுல இருந்துக்கினே பேசாம இருக்க அவளுக்கு அது ஒண்ணுதாண்டா இருந்திச்சு."

எல்லா வார்த்தைகளும் என் காதில் விழுந்தன. கேட்டால் பதில் சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே என்றுதான் எனக்குத் தோன்றியது. பேசத்தானே வாய்? அந்த வாய்க்காகத்தானே நான் இவ்வளவு பாடுபட்டேன்?

இப்போது நானும் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன். இயந்திரங்களில் பாகங்களைப் பிடித்துக்கொள்கிற கருவிகளை வடிவமைப்பது என் வேலை. எதைச் செய்வதற்கு முன்பும் அதைக் கையாளப்போகிறவரிடம் கேளுங்கள் என்று எங்களுக்கு அடிக்கடி சொல்வார்கள். எனக்குச் சிரிப்பு வரும். நான் கேட்காமலா செய்தேன்? வாய் நோகிறது என்று அவளேதான் சொன்னாள். அன்றைக்கு அவள் வெடித்து அழுதது அவளுக்கு நல்லதா கெட்டதா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அம்மாவிடம் கேட்கலாம், இருக்கிறாள். கேட்டதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் அம்மா எழுந்து, சுவரிலிருந்த பறியை எடுத்தாள். எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. ஓடிப்போய் அதைப் பிடித்து இழுத்தேன். "அது வேணாம்மா, வாய் நோவும்மா" என்று கத்தினேன். அம்மா விடவில்லை. ஒரு பக்கம் அவளும் ஒரு பக்கம் நானுமாக இழுத்ததில் ஓலை பிரிந்தது. நைனா என் கையைப் பிடித்து விலக்கி, "வுடும்மா" என்றார். எலிப்பொறிக்குக்கூடத் திட்டாதவர் அன்றைக்கு என்னை முறைத்தார். நான் மிதவையைத் தூக்கி வாசலில் எறிந்துவிட்டு, சாப்பிடாமல் பள்ளிக்கூடம் போனேன். செய்த பொருள் கெட்டுப்போனால் தாங்கிக்கொள்ளலாம். நன்றாக வேலை செய்கிற ஒன்றை வேண்டாம் என்று வைத்துவிட்டார்களே என்பதுதான் தாங்கவில்லை. தம்பிக்குப் பிறகு நான் செய்த முதல் பொருள் அது.

வகுப்பில் ஒன்றும் ஏறவில்லை. அன்று உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு உச்சிவேளைக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டேன். வீட்டுக்குப் போகாமல் ஏரிக்கரை வழியாக நடந்தேன். வாசலில் எறிந்துவிட்டு வந்த மிதவை என்ன ஆனதோ என்று நினைத்துக்கொண்டே வந்தவள், ஏரியைப் பார்த்து நின்றுவிட்டேன்.

தண்ணீரில் தலைகள் வரிசையாக நகர்ந்துகொண்டிருந்தன. ஒரு தலைக்குப் பின்னால் கறுப்பு வட்டம் இருந்தது. அம்மா எடுத்துக்கொண்டுதான் போயிருக்கிறாள்! கரையோரமாக ஓடினேன். கிட்டத்தில் போனதும் தெரிந்தது. இடுப்பில் என் மிதவையைக் கட்டியிருந்தாள். பிடிக்கிற இறாலை ஒவ்வொன்றாக, கையை நீட்டி அதில்தான் போட்டாள். வாயில் பழைய பறியையும் கடித்திருந்தாள். காலையில் நாங்கள் இழுத்ததில் அதன் அடி பிய்ந்து, ஓலை கிழிந்து தொங்கியது. அதில் ஒன்றுமே இல்லை. இருக்கவும் முடியாது. பெண்கள் எழுந்து நின்றார்கள், பறிகளைக் கையில் எடுத்துக்கொண்டு பேசினார்கள். அம்மாவும் எழுந்து நின்றாள். காலிப் பறியைக் கடித்தபடியே, யாரோ சொன்னதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள்.

எனக்கு வந்த கோபமெல்லாம் போய்விட்டது. நான் செய்ததை அம்மா ஒதுக்கவில்லை. ஆனால் எதற்கு அந்த ஓட்டைப் பறி? மணலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே யோசித்தேன். அம்மா கையை நீட்டிப் போட்ட இறால் ஒன்று துள்ளி டியூபின் மேல் விழுந்து தண்ணீருக்குள் போனது. ஓ, இதுதானா? என் மிதவைக்கு வாய் அகலம். இறால் துள்ளிப் போய்விடுகிறது. அதை முழுசாக நம்ப முடியாமல்தான் அம்மா பழையதையும் கூடவே வைத்திருக்கிறாள். என்னிடம் சொன்னால் நான் வருத்தப்படுவேன் என்று சொல்லாமல் இருக்கிறாள்.

குற்றம் என்னவென்று தெரிந்துவிட்டதில் மனது லேசாகிவிட்டது. நைனாவின் பழைய லுங்கியில் ஒரு துண்டு கிழித்து, சுருக்குப்பை மாதிரி மேலே தைத்துவிட்டால் போதும்; கை உள்ளே போகும், இறால் வெளியே வராது. அதற்குப் பிறகு அம்மாவுக்குப் பறி எதற்கு? பாவாடையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு எழுந்தேன். அம்மா கரையேறுவதற்குள் நூலும் ஊசியும் எடுத்து வைத்துவிட வேண்டும் என்று வீட்டை நோக்கி ஓடினேன்.